பெயர் ஒன்று, பொருள் இரண்டு: சிக்வின் தளத்தில் கட்டளையைத் தேடும் முறை

ஒரு சொல் பல பொருள் தருவது தமிழ் கற்பிப்போர்க்குப் பழகிய செய்தி. ‘ஆறு’ என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும், எண்ணையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். இடம் நோக்கிப் பொருள் கொள்ளும் ஆற்றல் மாணாக்கனுக்கு உண்டு; ஆதலின் அவன் மயங்குவதில்லை. கணினிக்கோ அவ்வாற்றல் இல்லை. ஒரு பெயரைச் சொல்லி ஒரு வேலையைச் செய்யுமாறு அதனைப் பணித்தால், அப்பெயருடைய கோப்பு எங்கே இருக்கிறது என்று முன்னரே வகுத்துக் கொடுத்த வரிசைப்படி அது தேடும். முதலில் கண்டது எதுவோ, அதனையே எடுத்து இயக்கும். வரிசை மாறினால் பெயரின் பொருளும் மாறிவிடும்.

ஒரு கணினியில் ஒரே மரபு வழங்குமாயின் இதனால் பெருந்துன்பம் இல்லை. இரண்டு மரபுகள் ஒரு கூரையின்கீழ்க் குடியிருக்கும்போதுதான் சிக்கல் எழுகின்றது. விண்டோஸ் கணினியில் யூனிக்ஸ் நிரல்களை இயக்கிக் காட்டும் ‘சிக்வின்’ என்னும் இசைவு அடுக்கு இத்தகைய இடமாகும். அங்கே ஒரு கட்டளையின் பெயர் எவ்வாறு ஒரு கோப்பைச் சென்று அடைகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இதனை அறியாதவர் ஒரு நிரலை அழைத்து வேறொரு நிரலின் விடையைப் பெறுவர்; பெற்ற விடை பிழையென்பதையும் சில வேளை உணராமற் போவர்.

யூனிக்ஸ் வகுத்த வழி

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் உருவாக்கத் தொடங்கிய இயங்குதளம் யூனிக்ஸ். அதில் கோப்புகள் யாவும் ஒரே மரத்தின் கிளைகளில் அமைந்திருக்கும். மரத்தின் வேருக்கு ‘/’ என்னும் சாய்கோடே பெயர். கிளைக்குக் கிளை பிரிக்கும் குறியும் அச்சாய்கோடே. ‘/யூஎஸ்ஆர்/பின்’ என்றால், வேரிலிருந்து ‘யூஎஸ்ஆர்’ என்னும் கோப்பகத்துக்கும், அதிலிருந்து ‘பின்’ என்னும் கோப்பகத்துக்கும் செல்லும் பாதை என்பது பொருள். இங்கே ‘பின்’ என்பது தமிழ்ச் சொல்லன்று. இருமக் கோப்பைக் குறிக்கும் ‘பைனரி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். இயங்கும் நிரல்கள் தங்கும் கோப்பகத்துக்கு அப்பெயர் வழங்குகின்றது.

பயனர் இடும் கட்டளையை வாங்கிக்கொண்டு உரிய நிரலை அழைக்கும் வாயில்காப்போன் ஒருவன் யூனிக்ஸில் உண்டு. அந்நிரலுக்கு ‘ஷெல்’ என்று பெயர். 1975ஆம் ஆண்டில் வெளிவந்த ஆறாம் பதிப்பில் ஷெல்லின் தேடுமுறை மிக எளியது. சொன்ன பெயரைச் சொன்னவாறே முதலில் பார்க்கும். இல்லையேல் ‘/பின்’ கோப்பகத்தில் பார்க்கும். அங்கும் இல்லையேல் ‘/யூஎஸ்ஆர்/பின்’ கோப்பகத்தில் பார்க்கும். இவ்வரிசை நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தமையால் பயனர் அதனை மாற்ற இயலாது.

1979ஆம் ஆண்டில் வெளிவந்த ஏழாம் பதிப்பின் ஷெல் இந்நிலையை மாற்றிற்று. தேடவேண்டிய கோப்பகங்களின் பட்டியல் ‘பாத்’ என்னும் பெயருடைய சூழல் மாறியில் வைக்கப்பட்டது. ஒரு கோப்பகத்தையும் அடுத்ததையும் முக்காற்புள்ளி பிரித்துக் காட்டும். பட்டியலை இடமிருந்து வலமாக ஷெல் படித்துச் செல்லும். பெயர் பொருந்தி, இயக்குவதற்குரிய அனுமதியும் பெற்ற கோப்பு கிடைத்ததும் நின்றுவிடும். பின்னால் அதே பெயருடைய வேறு கோப்புகள் எத்தனை இருப்பினும் அவை பொருட்படுத்தப்படா. கட்டளையில் சாய்கோடு இருந்தால் மட்டும் பட்டியலுக்கு வேலையில்லை. சொன்ன பாதையே இறுதியானது.

இன்னொன்றும் கருதத்தக்கது. யூனிக்ஸில் ஒரு கோப்பு இயங்கத்தக்கதா இல்லையா என்பதைப் பெயர் காட்டாது. கோப்போடு சேர்த்துக் குறித்து வைத்துள்ள அனுமதியே அதனைக் காட்டும். ஆகவே கட்டளைப் பெயர்கள் பின்னொட்டு ஏதுமின்றிக் குறுகி நிற்கும்.

விண்டோஸ் வந்த வழி

விண்டோஸின் மரபு வேறு. 1974ஆம் ஆண்டில் கேரி கில்டால் ஆக்கிய சி.பி.எம். என்னும் இயங்குதளத்தின் வழக்கங்களை 1981ஆம் ஆண்டில் வந்த எம்.எஸ்.டாஸ் பெரிதும் தழுவிற்று. அதன் வழக்கங்களே விண்டோஸுக்கும் வந்து சேர்ந்தன. அங்கே ஒரே மரம் இல்லை. தட்டுக்கு ஒரு மரம். ‘ஏ:’, ‘சி:’ என்று ஓர் எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்து தட்டுக்குப் பெயராகும்.

எம்.எஸ்.டாஸின் முதற்பதிப்பில் கோப்பகங்களின் படிவரிசை இல்லை. 1983ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்பு அதனைக் கொண்டுவந்தபோது, சாய்கோடு ஏற்கெனவே கட்டளைகளின் விருப்பக் குறியாக வழங்கிவந்தது. ஆதலின் பாதையைப் பிரிக்கப் பின்சாய்கோடு தேர்ந்தெடுக்கப்பட்டது. தேடுபட்டியலிலும் இதே நெருக்கடி. முக்காற்புள்ளி தட்டின் பெயரோடு ஒட்டி நிற்பதால், கோப்பகங்களைப் பிரிக்க அரைப்புள்ளியே கொள்ளப்பட்டது. இரண்டு குறிகளின் வேறுபாடு சிறியதாகத் தோன்றும்; அதன் விளைவு சிறியதன்று.

ஒரு கோப்பு இயங்கத்தக்கது என்பதை விண்டோஸ் மரபில் பெயரின் பின்னொட்டே அறிவிக்கும். ‘.காம்’, ‘.எக்ஸி’, ‘.பாட்’ என்பன அத்தகைய பின்னொட்டுகள். கட்டளை இடுவோர் அவற்றைச் சொல்லாவிடினும் விண்டோஸின் கட்டளைச் சாளரம் தானே சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். எவ்வெப் பின்னொட்டுகளை எவ்வரிசையில் சேர்த்துப் பார்ப்பது என்பதற்குத் தனியே ஒரு சூழல் மாறியும் உண்டு. மேலும், அக்கட்டளைச் சாளரம் பட்டியலுக்குச் செல்லுமுன், பயனர் அப்போது நிற்கும் கோப்பகத்தையே முதலில் பார்ப்பது இயல்பு.

இவ்வாறு வேர், பிரிகுறி, பட்டியற்குறி, இயங்கும் தகுதி, தேடும் வரிசை ஆகிய ஐந்திலும் இரண்டு மரபுகளும் மாறுபடுகின்றன.

சிக்வின் பிறந்தது

1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மைக்கேல் டீமன், ஜான் கில்மோர், டேவிட் ஹென்கல் வாலஸ் ஆகிய மூவர் சிக்னஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். கட்டற்ற மென்பொருளைப் பேணி உதவுவது அதன் தொழில். அந்நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவ் சேம்பர்லின் 1995ஆம் ஆண்டில் சிக்வின் பணியைத் தொடங்கினார். சிக்னஸ் நிறுவனத்தை வாங்கப்போவதாக 1999ஆம் ஆண்டில் ரெட் ஹாட் அறிவித்தது. சிக்வின் இன்றும் தன்னார்வலர்களின் உழைப்பால் வளர்ந்து வருகின்றது.

யூனிக்ஸில் ஓடும் நிரலை அப்படியே எடுத்து விண்டோஸில் ஓட்டும் மாயம் சிக்வினில் இல்லை. நிரலின் மூல உரையை விண்டோஸுக்கென்று மீண்டும் தொகுத்தல் வேண்டும். அவ்வாறு தொகுத்த நிரல், ‘சிக்வின்1’ என்னும் பொது நூலகக் கோப்போடு பிணைந்து நிற்கும். ‘இக்கோப்பைத் திற’, ‘இந்நிரலை இயக்கு’ என்று நிரல் யூனிக்ஸ் மொழியில் கேட்கும். நூலகம் அதனை விண்டோஸ் மொழியில் சொல்லி, வந்த விடையைத் திரும்ப யூனிக்ஸ் மொழியில் தரும். துபாஷி என்று முன்னோர் வழங்கிய இருமொழியாளரின் பணியே இது. மூல உரையில் பெரிதும் கைவைக்காமல் யூனிக்ஸ் உலகின் எண்ணற்ற நிரல்கள் விண்டோஸுக்கு வந்து சேர்ந்தது இதனால்தான்.

இடப்பெயர் இரண்டாவது

மலாயாவின் தோட்டங்களில் கிராணியின் பேரேட்டில் ஒரு பெயரும், தொழிலாளர் நாவில் ஒரு தமிழ்ப் பெயருமாக ஒரே தோட்டத்துக்கு இரு பெயர் வழங்கியதைப் பலர் அறிவர். இரு பெயரும் சுட்டும் நிலம் ஒன்றே. இரண்டையும் இணைத்தறிந்தவர் இருந்தமையால் மடலும் வழிதவறவில்லை. சிக்வினும் அத்தகைய இணைப்பேடு ஒன்றை வைத்திருக்கின்றது.

சிக்வின் ‘சி:\சிக்வின்64’ என்னும் கோப்பகத்தில் நிறுவப்பட்டதாகக் கொள்ளலாம். அக்கோப்பகமே யூனிக்ஸ் மரத்தின் வேராகிய ‘/’ எனக் கொள்ளப்படும். வேர் எது என்பதைச் சிக்வின் தன் நூலகக் கோப்பு இருக்கும் இடத்தைக்கொண்டே கணித்துக்கொள்ளும். ‘சி:\சிக்வின்64\பின்’ என்பது ‘/யூஎஸ்ஆர்/பின்’ எனவும் அறியப்படும்; ‘/பின்’ எனவும் அறியப்படும். இரு பெயருக்கும் இடம் ஒன்றே. வேருக்கு வெளியே விண்டோஸில் உள்ள மற்ற இடங்கள் ‘/சிக்டிரைவ்/சி’ என்பது போன்ற பெயரின்கீழ்த் தோன்றும். ‘சி:\விண்டோஸ்’ அங்கே ‘/சிக்டிரைவ்/சி/விண்டோஸ்’ ஆகும்.

இவ்விணைப்பேடு முன்னர் விண்டோஸின் பதிவகத்துக்குள் இருந்தது. 2009ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த 1.7ஆம் பதிப்பு முதல், யூனிக்ஸ் வழக்கப்படி ‘/ஈடிசி/எஃப்ஸ்டாப்’ என்னும் எளிய உரைக்கோப்பில் அது வைக்கப்படுகின்றது. பயனர் அதனைத் திறந்து படிக்கலாம், வேண்டுமாயின் திருத்தலாம்.

பாதைப்பட்டியலுக்கு வருவோர் இங்கே சற்று நின்று கவனித்தல் வேண்டும். ‘சி:\விண்டோஸ்’ என்னும் இடத்தை அவ்வாறே யூனிக்ஸ் பட்டியலில் எழுதினால் என்ன ஆகும்? யூனிக்ஸ் நிரலுக்கு முக்காற்புள்ளி பிரிகுறி. ஆதலின் அது ‘சி’ என்று ஓரிடம், ‘\விண்டோஸ்’ என்று மற்றோரிடம் என இரண்டாகப் பிளந்துகொள்ளும். இரண்டும் இல்லாத இடங்கள். இப்பிழை நேராவண்ணம், முதற் சிக்வின் நிரல் தொடங்கும்போதே விண்டோஸ் தந்த பட்டியல் முழுவதையும் நூலகம் யூனிக்ஸ் வடிவுக்கு மாற்றிவிடுகின்றது. பின்சாய்கோடு சாய்கோடாகும், தட்டின் பெயர் கோப்பகப் பெயராகும், அரைப்புள்ளி முக்காற்புள்ளியாகும். சிக்வினைச் சாராத விண்டோஸ் நிரல் ஒன்றைச் சிக்வின் நிரல் அழைக்குமாயின், பட்டியல் மீண்டும் விண்டோஸ் வடிவுக்குத் திரும்பும். ஆகவே இரு சாராரும் தத்தம் மொழியிலேயே பட்டியலைப் படிக்கின்றனர். வடிவம் மாறினும் வரிசை மாறுவதில்லை என்பது முதன்மையானது.

மறைந்து நிற்கும் பின்னொட்டு

யூனிக்ஸில் கோப்புகளை வரிசைப்படுத்திக் காட்டும் கட்டளைக்கு ‘எல்எஸ்’ என்று பெயர். சிக்வினில் அதன் கோப்பு ‘எல்எஸ்.எக்ஸி’. பின்னொட்டின்றி விண்டோஸ் மரபில் நிரல் இராது. பின்னொட்டோடு யூனிக்ஸ் மரபில் எவரும் அழையார். இவ்விடர்ப்பாட்டைச் சிக்வின் தீர்த்த வகையைத் தமிழாசிரியர் எளிதில் உணர்வர். ‘பால் குடித்தான்’ என்னும் தொடரில் ‘ஐ’ உருபு மறைந்து நிற்கின்றது. ஆயினும் பொருள் கெடவில்லை. அதனை இரண்டாம் வேற்றுமைத்தொகை என்கிறோம். சிக்வினில் ‘.எக்ஸி’யும் இவ்வாறே தொக்கு நிற்கின்றது. ‘எல்எஸ்’ என்று கேட்டால், அப்பெயரில் கோப்பு இருக்கிறதா என்று நூலகம் பார்க்கும், இல்லையேல் ‘எல்எஸ்.எக்ஸி’ இருக்கிறதா என்று பார்த்து, இருப்பின் அதனையே விடையாகத் தரும். இயக்கும்போது மட்டுமன்றி, கோப்பைப் பற்றிய விவரம் கேட்கும்போதும் இதே நிலைதான்.

தொகையில் மயக்கம் நேர்வதும் உண்டு. ‘புலி கொன்ற யானை’ என்றால் புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்னும் ஐயம் எழும். சிக்வினிலும் அப்படியே. ஒரே கோப்பகத்தில் ‘கணக்கு’ என்னும் கட்டளைக் கோவை ஒன்றும், ‘கணக்கு.எக்ஸி’ என்னும் நிரல் ஒன்றும் இருக்கின்றன எனக் கொண்டால், ‘கணக்கு’ என்று அழைக்கும்போது எது இயங்கும்? பின்னொட்டில்லாத கோவையே இயங்கும் என்பது இன்றைய விதி. 1.5.19ஆம் பதிப்பு வரை நிலைமை இதற்கு நேர்மாறாக இருந்தது. சிக்வினின் பிற பகுதிகளோடு ஒத்திருத்தல் வேண்டும் என்னும் கருத்தால் பின்னர் மாற்றப்பட்டது.

இச்சலுகை ‘.எக்ஸி’ ஒன்றுக்கே உரியது. ‘.பாட்’, ‘.காம்’ ஆகியவற்றை முழுமையாகச் சொல்லியே அழைத்தல் வேண்டும். ஒப்புநோக்க ஒன்று கூறலாம். 2016ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிடத் தொடங்கிய லினக்ஸ் துணைத்தளம் லினக்ஸ் நிரல்களை மறுபடி தொகுக்காமலே விண்டோஸில் இயக்குகின்றது. அதனுள்ளிருந்து விண்டோஸ் நிரலை அழைப்போர் ‘.எக்ஸி’ என்னும் பின்னொட்டை வெளிப்படச் சொல்லவேண்டும். அங்கே தொகை இல்லை. உருபு விரிந்தே நிற்கின்றது.

கோப்பின் முதல் இரண்டு எழுத்துகள்

பெயர் பொருந்திய கோப்பு கிடைத்துவிட்டது. அடுத்து, அது எவ்வகைக் கோப்பு என்று தெரிதல் வேண்டும். இதற்குப் பெயரை நம்பாமல் கோப்பின் தலைப்பகுதியையே நூலகம் படித்துப் பார்க்கின்றது. விண்டோஸின் இயங்குகோப்புகள் எம், இசட் என்னும் இரண்டு உரோம எழுத்துகளோடு தொடங்கும். எம்.எஸ்.டாஸை ஆக்கியோருள் ஒருவரான மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர்த் தலையெழுத்துகள் அவை. அவை காணப்பட்டால் கோப்பை விண்டோஸிடம் ஒப்படைத்துவிடலாம்.

கோப்பு ‘#!’ என்னும் இரண்டு குறிகளோடு தொடங்குமாயின் அது கட்டளைக் கோவை. அக்குறிகளை அடுத்து, கோவையைப் படித்து நிறைவேற்றும் நிரலின் பாதை எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது ‘/பின்/எஸ்எச்’ என்று இருக்கும். இக்குறிகளின் பொருளை விண்டோஸ் அறியாது. ‘/பின்’ என்னும் இடத்தையும் அது அறியாது. நூலகமே அவ்வரியைப் படித்து, இணைப்பேட்டைப் பார்த்து, மறைந்த பின்னொட்டையும் சேர்த்து, ‘சி:\சிக்வின்64\பின்\எஸ்எச்.எக்ஸி’ என்னும் உண்மை இடத்தைக் கண்டு, கோவையை அதனிடம் கொடுக்கின்றது. ஒரு சிறு வரியை நிறைவேற்ற மேலே கூறிய விதிகள் யாவும் ஒன்றுகூடி உழைப்பதை இங்கே காணலாம்.

இயக்கும் அனுமதியைக் குறித்துவைக்க வசதியில்லாத பழைய வகைத் தட்டுகளும் உண்டு. அங்கே ‘.எக்ஸி’ போன்ற பின்னொட்டையோ ‘#!’ என்னும் தொடக்கத்தையோ சான்றாகக் கொண்டு, இக்கோப்பு இயங்கத்தக்கது என்று சிக்வின் முடிவு செய்கின்றது.

ஒருபெயர் தாங்கிய இருவர்

இனி இடர் மிகுந்த பகுதிக்கு வரலாம். யூனிக்ஸில் ‘ஃபைண்ட்’ என்னும் கட்டளை கோப்பகங்களுக்குள் புகுந்து கோப்புகளைத் தேடித் தரும். விண்டோஸிலும் ‘ஃபைண்ட்’ உண்டு. ஆனால் அது கோப்புக்குள் இருக்கும் சொல்லைத் தேடித் தரும். பெயர் ஒன்று, தொழில் வேறு. இரண்டும் ‘ஃபைண்ட்.எக்ஸி’ என்றே பெயர் பூண்டு, ஒன்று சிக்வினின் ‘பின்’ கோப்பகத்திலும், மற்றொன்று விண்டோஸின் ‘சிஸ்டம்32’ கோப்பகத்திலும் இருக்கின்றன. எது இயங்கும் என்பதைப் பாதைப்பட்டியலில் எந்தக் கோப்பகம் முந்தி நிற்கின்றது என்பதே முடிவு செய்யும்.

சிக்வினின் ஷெல்லில் முறையாக நுழைவோர்க்கு இத்தொல்லை நேர்வதில்லை. நுழைவின்போது படிக்கப்படும் ‘/ஈடிசி/புரொஃபைல்’ என்னும் கோப்பு, ‘/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்’, ‘/யூஎஸ்ஆர்/பின்’ ஆகிய இரண்டையும் பட்டியலின் முன்னால் சேர்த்துவிடுகின்றது. ஆயின் விண்டோஸின் நேரக்குறிப்பி வழியாகவோ பிற நிரல்களின் வழியாகவோ கட்டளைக் கோவை ஒன்று அழைக்கப்பட்டால், அந்நுழைவு நிகழாமற் போகலாம். அப்போது விண்டோஸ் தந்த பட்டியலே வழங்கும். அதில் ‘சிஸ்டம்32’ முன்னால் நிற்கும். நேற்று வரை கையால் இயக்கியபோது சரியாக ஓடிய கோவை, இன்று தானே இயங்கும்போது ‘அளபுருவின் வடிவம் சரியில்லை’ என்று முறையிடும். கோவையில் ஓரெழுத்தும் மாறவில்லை, மாறியது வரிசை.

முறையீட்டோடு நிற்பது நல்லூழே. அவ்வாறு நில்லாத இடமும் உண்டு. ‘சார்ட்’ என்னும் கட்டளை இரு மரபிலும் வரிகளை அகரவரிசைப்படுத்தும். விண்டோஸின் ‘சார்ட்’ உரோம எழுத்துகளில் பெரியது சிறியது என்னும் வேறுபாட்டை இயல்பாகப் பாராட்டாது. யூனிக்ஸின் ‘சார்ட்’ அமைத்துக்கொடுத்த மொழிச் சூழலுக்கேற்ப வரிசைப்படுத்தும். விருப்பக்குறி ஏதும் சேர்க்காமல் அழைத்தால் இரண்டும் குறையேதும் சொல்லாமல் வேலையை முடிக்கும். வரிசை மட்டும் வேறுபடலாம். ஒரு பள்ளியின் பெயர்ப்பட்டியலோ ஒரு நூலகத்தின் நூற்பட்டியலோ இவ்வாறு வரிசைப்படுத்தப்பட்டால், பிழை நெடுநாள் மறைந்து கிடக்கும். கணினியின் பிழைகளுள் வாய்பேசாப் பிழையே கொடியது.

‘கன்வெர்ட்’ மற்றோர் எடுத்துக்காட்டு. படங்களின் வடிவத்தை மாற்றும் ‘இமேஜ்மேஜிக்’ தொகுப்பில் அப்பெயருடைய கட்டளை வழங்கிவந்தது. விண்டோஸிலோ அப்பெயர் தட்டின் கோப்பமைப்பு முறையையே மாற்றும் கட்டளைக்கு உரியது. ‘லிங்க்’ என்பது எதிர்ப்புறத்திலிருந்து வரும் இடர். மைக்ரோசாஃப்டின் தொகுப்பிக் கருவிகளில் நிரலின் உறுப்புகளை இணைக்கும் கருவிக்கு அதுவே பெயர்; யூனிக்ஸிலோ ஒரு கோப்புக்கு இன்னொரு பெயர் தரும் சிறு கட்டளைக்கு அப்பெயர். சிக்வினின் ஷெல்லிலிருந்து மைக்ரோசாஃப்டின் கருவிகளால் நிரல் தொகுப்போர்க்கு, சிக்வினின் கோப்பகம் முன்னால் நிற்பதே இடையூறாகின்றது. எனவே எந்த மரபு முந்தவேண்டும் என்பதற்கு எக்காலும் பொருந்தும் விடை இல்லை. செய்யும் தொழிலை நோக்கியே வரிசையை வகுத்தல் வேண்டும்.

துபாஷி எங்கே நிறுத்துவது?

பட்டியலை மாற்றித் தரும் சிக்வின், கட்டளையோடு சேர்த்துச் சொல்லும் பிற சொற்களை மாற்றுவதில்லை. விண்டோஸின் ‘நோட்பேட்’ நிரலிடம் ‘/ஹோம்’ என்று தொடங்கும் பாதையைக் கொடுத்தால், அச்சொல் கொடுத்தவாறே சென்று சேரும். நோட்பேட் தேடும் கோப்பு கிட்டாது. பயனர் ‘சிக்பாத்’ என்னும் துணைக்கட்டளையால் பாதையை விண்டோஸ் வடிவுக்கு மாற்றிக் கொடுத்தல் வேண்டும். நூலகமே இதனைச் செய்துவிடலாகாதா என்று வினவத் தோன்றும்.

சிக்வினிலிருந்து கிளைத்த ‘எம்சிஸ்’ என்னும் தளம் அவ்வாறே செய்கின்றது. சாய்கோட்டில் தொடங்கும் சொல்லைப் பாதையென்று உய்த்துணர்ந்து, விண்டோஸ் நிரலுக்குக் கொடுக்குமுன் மாற்றிவிடும். பெரும்பாலும் இது நன்மையே. ஆயின் விண்டோஸ் கட்டளைகளில் விருப்பக் குறியும் சாய்கோட்டில் தொடங்குவதை மேலே கண்டோம். ‘/சி’ என்னும் விருப்பக் குறியைச் ‘சி’ தட்டின் பாதையென்று மயங்கி மாற்றிவிடும் நிலை உண்டாகின்றது. அதனைத் தடுக்கச் சாய்கோட்டை இரட்டித்து ‘//சி’ என்று எழுதும் வழக்கம் ஏற்பட்டது.

இரு தளங்களும் எடுத்த முடிவுகளில் ஒன்று சரி, மற்றொன்று தவறு என்று கூறுதற்கில்லை. பட்டியலின் ஒவ்வோர் உறுப்பும் இடப்பெயரே என்பது உறுதி. ஆகவே அதனை ஐயமின்றி மாற்றலாம். பிற சொற்களோ இடப்பெயராகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். உறுதியுள்ள இடத்தில் மட்டும் மாற்றுவது சிக்வினின் கொள்கை. உய்த்துணர்ந்து உதவுவது எம்சிஸின் கொள்கை. மொழிபெயர்ப்பாளர் என்றும் எதிர்ப்படும் வினாவே இது.

நிற்கும் இடத்தை நம்பலாமா?

விண்டோஸில் பழகிச் சிக்வினுக்கு வருவோர், தாம் நிற்கும் கோப்பகத்திலுள்ள நிரலைப் பெயர் சொல்லி அழைத்தும் அது இயங்காமை கண்டு வியப்பர். யூனிக்ஸ் மரபில் நிற்கும் இடம் பட்டியலில் இருந்தாலன்றித் தேடப்படுவதில்லை. ‘./கணக்கு’ என்று, புள்ளியும் சாய்கோடும் முன்னால் வைத்து அழைப்பதே முறை. புள்ளி ‘இவ்விடம்’ என்னும் பொருளது.

இது வீண் கெடுபிடியன்று. 1979ஆம் ஆண்டின் ஷெல்லில் இயல்பாக அமைந்த பட்டியல் நிற்கும் இடத்தையே முதலில் வைத்திருந்தது. பலர் பயன்படுத்தும் கணினியில் அதன் தீமை வெளிப்பட்டது. பொதுக் கோப்பகம் ஒன்றில் எவரேனும் ‘எல்எஸ்’ என்னும் பெயரில் தீய நிரல் ஒன்றை வைத்துவிட்டால், அங்கே வந்து கோப்புகளைப் பார்க்க முயலும் மேலாளர் தம் முழு அதிகாரத்தோடும் அத்தீய நிரலை இயக்கிவிடுவார். ஆதலின் நிற்கும் இடத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவதே பின்னாளில் நல்வழக்கமாயிற்று. வசதி கருதிப் பட்டியலின் தொடக்கத்தில் புள்ளியைச் சேர்ப்போர் அப்பழைய வாயிலை மீண்டும் திறந்துவைக்கின்றனர். இரண்டு முக்காற்புள்ளிகள் அடுத்தடுத்து நிற்பினும் அதே விளைவுதான்; இடையிலுள்ள வெறுமையை ‘நிற்கும் இடம்’ என்றே யூனிக்ஸ் கொள்ளும். எழுத்துப்பிழை ஒன்று காவலைக் குலைத்துவிடக்கூடும்.

ஐயம் நீங்கும் வழி

எந்த நிரல் இயங்கப்போகின்றது என்பதை முன்கூட்டியே அறிய எளிய வழிகள் உண்டு. பாஷ் என்னும் ஷெல்லில் ‘டைப் -ஏ ஃபைண்ட்’ என்று கேட்டால், அப்பெயருடைய நிரல்கள் யாவும் தேடும் வரிசைப்படியே காட்டப்படும். முதலில் நிற்பதே இயங்கும். ஒருமுறை கண்ட இடத்தைப் பாஷ் நினைவில் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. புதிதாக நிரலை நிறுவிய பின்னும் பழையதே இயங்கினால் ‘ஹாஷ் -ஆர்’ என்று கட்டளையிட்டு அந்நினைவை அழிக்கலாம். தானே இயங்கவேண்டிய கட்டளைக் கோவைகளில், தொடக்கத்திலேயே பாதைப்பட்டியலை வெளிப்பட எழுதிவிடுவதும், மயக்கம் தரும் பெயர்களை ‘/யூஎஸ்ஆர்/பின்/ஃபைண்ட்’ என்று முழுப்பாதையோடு எழுதுவதும் காவலாகும்.

பெயர் குறுகி நிற்பது பழகியோர்க்கு வசதி. அக்குறுக்கத்துக்குள் வேர், வரிசை, பின்னொட்டு ஆகிய மூன்றும் தொக்கு நிற்கின்றன. தொகையை விரித்துப் பொருள் காணும் பயிற்சி தமிழ் வகுப்பில் நாள்தோறும் நடைபெறுவது. கணினிக்கு இடும் கட்டளையையும் அவ்வாறே விரித்துப் பார்க்க மாணாக்கரைப் பழக்கிவிட்டால், இயங்கியது தாம் அழைத்த நிரல்தானா என்று கேட்டறியும் விழிப்பு அவர்க்கு உண்டாகும்.